கையில காசு புழங்காத நேரத்துல சின்ன வீடு கட்டி விக்கிறது எப்படி: டெல்டாக்காரங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

நான் நீடாமங்கலம் பக்கம், கொத்தனாரா ஆரம்பிச்சு மேஸ்திரி ஆகி இப்ப சின்ன சின்னதா வீடு கட்டி குடுக்குற ஆளு. பெரிய பில்டர் எல்லாம் கிடையாது, நாலு வீடு அஞ்சு வீடுன்னு ஓட்டுறவன். 2016 நவம்பர்ல நோட்டு செல்லாதுன்னு சொன்னப்பவும் 2020 லாக்டவுன்லயும் தொழில்ல இருந்தேன், ரெண்டுலயும் அடி வாங்கி அப்புறம் எந்திரிச்சேன். இப்ப நெறைய தம்பிங்க "அண்ணே மார்க்கெட் டல்லா இருக்கு, இப்ப கட்டலாமா"ன்னு கேக்குறாங்க. கட்டலாம். ஆனா நல்ல காலத்துல கட்டுற மாதிரி கட்டக்கூடாது.

நம்ம ஊர்ல மந்தம்னா என்னன்னு மொதல்ல புரிஞ்சுக்கணும். சென்னைல கம்பெனி ஆள் குறைச்சா மந்தம். இங்க மேட்டூர்ல தண்ணி வரலன்னா மந்தம். ஜூன் 12 தேதி அணை தொறக்கணும், 2024ல ஜூலை 28க்குதான் தொறந்தாங்க, குறுவை போட்டவன் பாதிப்பேருக்கு போர்வெல்தான் கதி. அதுக்கு முந்தின வருஷம் தேதிக்கு தொறந்து அக்டோபர் 10லயே மூடிட்டாங்க, சம்பா தவிச்சிச்சு. இன்னொரு பக்கம் சிங்கப்பூர் துபாய்ல இருந்து வர்ற காசு, மன்னார்குடி கூத்தாநல்லூர் முத்துப்பேட்டை பக்கம் பாதி வீடு அந்த காசுலதான் நிக்குது, அது நின்னா வீடும் பாதிலயே நிக்கும். அதனால டிவில என்ன சொல்றாங்கன்றத விட கொள்முதல் நிலையத்துல நெல்லுக்கு காசு ஏறிடுச்சா, வெளிநாட்டு காசு வருதான்னு பாருங்க. அதுதான் நம்ம மார்க்கெட் நிலவரம்.

படி 1: வாங்க ஆள் இல்லாம செங்கல் இறக்காதீங்க

இது ஒண்ணுதான் நான் சொல்ல வந்தது, மிச்சமெல்லாம் இதோட வால். நல்ல காலத்துல கட்டி வச்சா எவனாவது வருவான். மந்தத்துல வரமாட்டான், வந்தாலும் லோன் கெடைக்காது. வாங்கப்போறவன் கையில லோன் குடுக்குறோம்னு பேங்க் சேங்ஷன் லெட்டர் வந்ததுக்கு அப்புறம்தான் கடக்கால் (அஸ்திவாரம்) தோண்டணும்.

கணக்கா சொல்றேன். 450 சதுர அடி வீடு, 900 சதுர அடி மனை, அதாவது நம்ம கணக்குல ஆறேகால் குழி (குழிக்கு 144 சதுர அடி). என் பக்கத்து ரேட்ட வச்சு சதுர அடி 2,000ன்னு போட்டா கட்டட செலவு 9 லட்சம், செப்டிக் டேங்க், போர், ஈபி, பிளான் எல்லாம் சேத்து 90 ஆயிரம், ஆக 9.90. மனை சதுர அடி 400 மேனிக்கு 3.60. மொத்தம் 13.50, வித்தா 15. ஒரு வீட்டுக்கு ஒன்ற லட்சம் நிக்கும், அதுவும் என் கூலி உட்பட.

இப்ப நாலு வீட்ட ஒரே நேரத்துல ஆரம்பிச்சுட்டோம், ரெண்டு வித்துச்சு ரெண்டு நிக்குதுன்னு வைங்க. நிக்கிற ரெண்டுல கிட்டத்தட்ட 20 லட்சம் முடங்கி கெடக்கு, அது ரெண்டு வட்டிக்கு வாங்குன காசுன்னா மாசம் 40 ஆயிரம், வருஷத்துக்கு 4.80 லட்சம். நாலு வீட்டுல வரவேண்டிய லாபமே 6 லட்சம்தான். வருஷம் முழுக்க வெயில்ல நின்னதுக்கு 1.20 லட்சம், அதாவது மாசம் பத்தாயிரம். சித்தாளு அத விட அதிகம் சம்பாதிச்சிருக்கும். 2017ல எனக்கு நடந்தது இதேதான், தொகை மட்டும்தான் வேற.

அதனால ரெண்டு ரெண்டா கட்டுங்க. ஜோடி வீடு, நடு செவுரு பொது, அதுல ஒரு செவுரு செலவும் மிச்சம். ரெண்டு முடிஞ்சு சாவி குடுத்த காசுலதான் அடுத்த ரெண்டு. மெதுவா போறோமேன்னு தோணும், தோணட்டும்.

படி 2: வாங்குறவன் யாரு, அவனுக்கு எவ்ளோ தாங்கும்

மந்தத்துலயும் வீடு வாங்குறவன் இருக்கான்: கவர்மென்ட் ஸ்கூல் டீச்சர், நர்சு, பஸ் டிரைவர், ரேஷன் கடை ஆளு, ரைஸ் மில்லுல நெரந்தரமா இருக்குறவரு. மாசம் 25 ஆயிரம் 30 ஆயிரம் வீட்டுக்கு வரும், 5,000 வாடகை குடுத்துட்டு இருப்பாங்க. இவங்களுக்கு கட்டுங்க. 1,200 சதுர அடில போர்டிகோ வச்ச வீடு வெளிநாட்டுல இருந்து வர்றவருக்கு, அவரு இப்ப வரமாட்டாரு.

30 லட்சத்துக்குள்ள கடன்னா சொத்து மதிப்புல 90 சதவீதம் வரைக்கும் பேங்க் குடுக்கலாம்னு ரிசர்வ் பேங்க் விதி இருக்கு. குடுக்கலாம்தான், குடுத்தே ஆகணும்னு இல்ல. 10 லட்சம், 20 வருஷம், 8.5 வட்டின்னா மாச தவணை 8,680 கிட்ட. 25 ஆயிரம் சம்பளக்காரருக்கு இது தாங்கும், ஏற்கனவே பைக் லோனும் குழு லோனும் ஓடுதுன்னா தாங்காது. அதனால நான் மொதல் கேள்வியே "சார் வேற தவணை என்ன ஓடுது"ன்னுதான் கேப்பேன். கூச்சப்பட்டு மறைப்பாங்க, சிபில் (ஒருத்தரோட கடன் கணக்க காட்டுற ரிப்போர்ட்) பாத்தா தெரிஞ்சிடும்.

வட்டி எறங்குறப்ப வாங்குறவங்களுக்கு ஒண்ணு கட்டாயம் சொல்லுங்க. 2020 மே மாசம் ரெப்போ (ரிசர்வ் பேங்க் மத்த பேங்குக்கு குடுக்குற கடனுக்கு போடுற வட்டி) 4 சதவீதத்துக்கு வந்துச்சு, ரெண்டு வருஷம் அப்படியே இருந்துச்சு, எல்லாரும் 7 சதவீதத்துல லோன் வாங்கி சந்தோசமா இருந்தாங்க. 2022 மே மாசத்துல இருந்து ஏத்த ஆரம்பிச்சு 2023 பிப்ரவரில 6.50க்கு கொண்டு போயிட்டாங்க. 7 சதவீதத்துல 10 லட்சத்துக்கு தவணை 7,750, அதே 10 லட்சத்துக்கு 9.5ல மாச வட்டி மட்டுமே 7,900 தாண்டுது, அதாவது கட்டுற தவணை வட்டிக்கே பத்தல. பேங்க் வருஷத்த நீட்டிக்கிட்டே போகும், ஆளுக்கு தெரியக்கூட தெரியாது. 2025ல திரும்ப எறக்கிட்டு வந்தாங்க, டிசம்பர்ல 5.25. அதனால குறைஞ்ச வட்டிய வச்சு கணக்கு போடாம ரெண்டரை சதவீதம் கூட போட்டு அப்பவும் கட்ட முடியுமான்னு பாத்துட்டுதான் வாங்கச் சொல்லுங்க. தவணை கட்டாத ஆளோட வீட்ட பேங்க் ஏலத்துக்கு விட்டா அதே வரிசைல இருக்குற நம்ம அடுத்த வீட்டோட வெலையும் சேந்து படுத்துரும்.

மானியம்: நகர்ப்புற பிரதமர் வீடு திட்டம் 2.0ல வட்டி மானியம் இருக்கு. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 9 லட்சத்துக்குள்ள, வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள்ள, கடன் 25 லட்சத்துக்குள்ள, வேற எங்கயும் நல்ல வீடு இருக்கக்கூடாது. மொதல் 8 லட்சம் கடனுக்கு 4 சதவீதம், அதிகபட்சம் 1.80 லட்சம், அஞ்சு வருஷ தவணையா லோன் கணக்குல வரும். இத காட்டி "வெல 1.80 கம்மி"ன்னு விக்காதீங்க. வராம போனா ஒங்க வீட்டு வாசல்லதான் வந்து நிப்பாங்க.

கிராமத்துல குடிசைல இருக்குறவங்களுக்கு கலைஞரின் கனவு இல்லம், 360 சதுர அடி, 3.50 லட்சம், 2024ல ஆரம்பிச்சது. இத விக்க முடியாது, ஆனா கட்டி குடுக்குற வேலை நமக்கு வரும். லாபம் சொல்லிக்கிற மாதிரி இல்ல. டல்லான நேரத்துல ஆளுங்கள வேற சைட்டுக்கு போகவிடாம கையில வச்சிருக்க இத விட நல்ல வழி எனக்கு தெரியல.

படி 3: நெலத்த வாங்காதீங்க, சேத்துக்கோங்க

பில்டருக்கு நெலம் வாங்க பேங்க் காசு தராது, ரிசர்வ் பேங்கே கூடாதுன்னு சொல்லியிருக்கு. அப்ப நெலத்துக்கு வெளிக்கடன்தான். மந்தத்துல அது தற்கொலை.

ஆனா மந்தத்துல நெலத்துக்காரரும் விக்க முடியாம ஒக்காந்திருப்பாரு, அதுதான் நமக்கு வழி. எங்க பக்கம் ஒரு சித்தப்பா, 35 குழி கொல்லைய மூணு வருஷமா விக்க பாத்துட்டு இருந்தாரு. நான் போய் சொன்னேன், "சித்தப்பா, நீங்க இப்ப விக்க வேணாம், நான் கட்ட கட்ட ஒவ்வொரு மனையா நீங்களே வந்து கையெழுத்து போட்டு கிரயம் குடுங்க, மனை காசு நேரா ஒங்க கணக்குக்கு வந்துரும்." அவரு வெத்தலைய மென்னுக்கிட்டே கேட்டாரு, "நீ பாதில ஓடிட்டா?" நியாயமான கேள்வி. "ஓடினா நெலம் ஒங்க பேர்லதானே இருக்கு, நாந்தானே செங்கல விட்டுட்டு ஓடணும்"னேன். சிரிச்சுட்டு, "சரி, மொத ரெண்டு கட்டு, அப்புறம் பேசுவோம்"னாரு. பவர் பத்திரம் (அவருக்கு பதிலா நான் கையெழுத்து போடுற அதிகாரம்) எதுவும் எழுதல, செலவும் மிச்சம் அவருக்கு பயமும் இல்ல. கூட்டு ஒப்பந்தம் மட்டும் எழுதிக்கிட்டோம், அதுல ரெண்டு வருஷத்துக்கு வெல மாறாதுன்னு ஒரு வரி கட்டாயம் போடுங்க.

நெலத்துல பாக்க வேண்டியது:

- 500 சதுர மீட்டருக்குள்ள, 8 வீட்டுக்குள்ள இருந்தா ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு தேவையில்ல. 500 சதுர மீட்டர்னா நம்ம கணக்குல 37 குழி. அத தாண்டினா பதிவு பண்ணியே ஆகணும், வாங்குறவங்க காசுல 70 சதவீதத்த தனி கணக்குல வைக்கணும். அது கெட்டது இல்ல, ஆனா மொத தடவை செய்யிறவன் 37 குழிக்குள்ளயே நின்னுக்கிறது நல்லது.
- பிரிச்சு விக்கப்போறோம்னா மனைப்பிரிவு அனுமதி வேணும். 2016 அக்டோபர் 20க்கு அப்புறம் அனுமதி இல்லாத மனைய பதிய மாட்டாங்க.
- பட்டால நஞ்சைன்னு இருந்தா தொடாதீங்க. மாத்துறதுக்கு கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போகணும், அதுக்குள்ள ஒங்க மொதலு கரைஞ்சிரும். அதோட, வயக்காட்ட மூடி வீடு கட்டித்தான் பொழைக்கணும்னு இல்லையே.
- கோயில் நெலம், மடத்து நெலம். இது டெல்டாவுக்கே உள்ள வியாதி. மூணு தலைமுறையா குடியிருப்பாங்க, வீட்டு வரி ரசீது இருக்கும், ஈபி கார்டு இருக்கும், எல்லாம் பக்காவா தெரியும், ஆனா அது அடிமனை வாடகை இடம், வீடு மட்டும்தான் அவங்களுது, மண்ணு கோயிலுது. கிரயம் ஆகாது, எந்த பேங்கும் லோன் தராது. வில்லங்க சான்று 30 வருஷத்துக்கு போட்டு பாருங்க, அதோட நிக்காம பழைய அ பதிவேட்டுல (கிராமத்து நெல கணக்கு) யாரு பேரு இருக்குன்னு விஏஓ கிட்ட கேளுங்க.

படி 4: காசு வர்ற வரிசை

நான் இப்ப செய்யிறது இதுதான். மொதல்ல மனைய வாங்குறவங்க பேருக்கு கிரயம் பண்ணிடுறது, அப்புறம் கட்டுறதுக்கு தனி ஒப்பந்தம். பேங்க்ல மனை பிளஸ் கட்டுமானம்னு ஒரே லோனா போட்டா கட்டட காசு கட்டம் கட்டமா வரும்: பேஸ்மட்டம் (தரைக்கு மேல ஏத்துற அடிமேடை), லிண்டல் (கதவு ஜன்னலுக்கு மேல போற பீம்), தளம், பூச்சு. ஒவ்வொரு கட்டத்துலயும் நாம கட்டினதுக்கு அப்புறம்தான் காசு வரும், அதனால ஒரு கட்டத்துக்கு உண்டான காசு, ஒரு வீட்டுக்கு ரெண்டரை லட்சம்னா ரெண்டு வீட்டுக்கு 5 லட்சம், அது நம்ம சொந்த காசா இருக்கணும். மனையோட சேத்து 27 லட்சத்து வேலைய 5 லட்சத்த சுத்தவிட்டு முடிக்கிறோம். இதான் சூட்சுமம்.

வாங்குறவருக்கும் லாபம். 15 லட்சத்துக்கு முடிஞ்ச வீடா பதிஞ்சா முத்திரைத்தாள் 7, பதிவு 2, ஆக 9 சதவீதம், 1.35 லட்சம். மனையா 3.60க்கு பதிஞ்சா 32,400. வீட்டம்மா பேர்ல பதிஞ்சா, 10 லட்சத்துக்குள்ள இருக்குற சொத்துக்கு 2025 ஏப்ரல்ல இருந்து பதிவு கட்டணம் 1 சதவீதம் கம்மி, 28,800லயே முடிஞ்சிரும். வழிகாட்டி மதிப்பு (கவர்மென்ட் போட்ட மனை வெல) அதிகமா இருந்தா அதுதான் கணக்கு, அதையும் பாத்துக்கோங்க.

ஜிஎஸ்டி விஷயத்துல நானே ஒளறி மாட்டியிருக்கேன், ஒரு ஆடிட்டர் கிட்ட ஒரு தடவையாவது ஒக்காருங்க. நம்ம மாதிரி ஊருக்கு 90 சதுர மீட்டருக்குள்ள, 45 லட்சத்துக்குள்ள இருக்குற வீட்ட கட்டுமானத்துல இருக்குறப்பவே விக்கிறதுக்கு 1 சதவீதம். மனை தனி கட்டடம் தனின்னு பிரிச்சா அது வேற கணக்கு, வேற வீதம், அத ஒப்பந்தத்துல வெலையோட சேத்து போடாம விட்டா நம்ம கையில இருந்துதான் போகும்.

அந்த சுழல் காசு 5 லட்சம் எங்க இருந்து வரும்? பொண்டாட்டி நகைய கூட்டுறவு சங்கத்துலயோ பேங்க்லயோ வைக்கிறது, அது கூட பரவால்ல. சீட்டு எடுக்குறது, அதுவும் பதிஞ்ச சீட்டா இருந்தா சரி. வார வட்டி, மீட்டர் வட்டி பக்கம் தலை வச்சு படுக்காதீங்க. கம்பி கடைல கடன் வாங்குறது வட்டி இல்லாத மாதிரி தெரியும், டன்னுக்கு ரெண்டாயிரம் ஏத்திதான் போடுவாங்க, ரொக்கத்துக்கு என்ன வெலன்னு பக்கத்து ஊர்ல கேட்டா தெரியும்.

படி 5: எப்ப ஆரம்பிக்கணும்

பொங்கல் முடிஞ்ச கையோட. சம்பா அறுப்பு முடிஞ்சு தை மாசி பங்குனில ஜனங்க கையில நெல்லு காசு இருக்கும், முன்பணம் அப்பதான் வரும். அறுப்புக்கு மிஷின் வந்துட்டதால ஆளுங்களும் கெடைப்பாங்க. பங்குனிக்குள்ள பேஸ்மட்டம், சித்திரைல செவுரு, வைகாசில தளம், ஆடிக்குள்ள பூச்சு, ஆவணில பால் காய்ச்சு. ஆவணிய விட்டா ஐப்பசி கார்த்திகை மழைல மாட்டுவீங்க, சென்ட்ரிங் பலகை வாடகை மட்டும் ஓடிக்கிட்டே இருக்கும். ஆடில யாரும் வீடு பேசி முடிக்க மாட்டாங்க, அதனால பேச்சுவார்த்தை எல்லாம் ஆனிக்குள்ள.

படி 6: எங்க மிச்சம் புடிக்கலாம், எங்க கூடாது

கடக்கால்ல மிச்சம் புடிக்காதீங்க. நம்ம மண்ணு களி. சித்திரைல வயக்காட்டுல நடந்து பாருங்க, காலு போற அளவுக்கு வெடிச்சு கெடக்கும், மழை பேஞ்சா ஊதி மூடிக்கும். அதே மண்ணுதான் வீட்டுக்கு அடிலயும் மூச்சு விடுது. 2009ல நான் கட்டுன ஒரு வீடு, வைகாசில காஞ்ச மண்ணுல ரெண்டரை அடி தோண்டி நேரா கருங்கல் வச்சு ஏத்திட்டேன். மொத கார்த்திகைல வடக்கு செவுத்துல ஜன்னல் மூலைல இருந்து கோணலா ஒரு கோடு. தைல போய் பாத்தா அஞ்சு ரூபா காசு உள்ள போகுது, அந்த வீட்டு ஆத்தா எதுவும் திட்டல, அந்த காச எடுத்து என் கையில குடுத்து "வச்சுக்க தம்பி"ன்னுச்சு. செவுத்த இடிச்சு என் காசுலதான் கட்டி குடுத்தேன். இப்ப குறைஞ்சது நாலரை அஞ்சு அடி, அடில மணல் நெரவி தண்ணி விட்டு திமிசு போட்டு இறுக்கி, மேல சுத்திவர பிளிந்த் பீம், அதாவது கம்பி கட்டின கான்கிரீட் பட்டை. ஆத்தோரம் ரொம்ப மோசமான களின்னா இன்ஜினியர வச்சு அடில குமிழ் வச்ச பைல் போடுங்க.

பேஸ்மட்டம் ரோட்டுல இருந்து மூணு அடி. பஞ்சாயத்து ரோட்ட ஒவ்வொரு தடவையும் ஒசத்திக்கிட்டே போகுது, ரெண்டு அடில கட்டினவன் வீடு பத்து வருஷத்துல குளமாயிடுது.

கூரை கான்கிரீட்தான். ஷீட்டு போட்டா 70, 80 ஆயிரம் மிச்சம்னு யோசிக்காதீங்க. 2018 நவம்பர் 16 விடியக்காலைல கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறுனப்ப எத்தன வீட்டு ஷீட்டு பறந்து தென்னந்தோப்புல கெடந்துச்சுன்னு நாம பாத்தோம்தானே.

மிச்சம் புடிக்க வேண்டிய எடம் வேற. செங்கல்ல எலிப்பொறி கட்டுன்னு ஒண்ணு இருக்கு, கேரளால லாரி பேக்கர்னு ஒரு கட்டடக்கலைஞர் பரப்புனது, செங்கல நிறுத்தி வச்சு நடுவுல பொந்து விட்டு கட்டுறது, கால்வாசி செங்கல் மிச்சம், உள்ள குளிர்ச்சியா வேற இருக்கும். நம்ம கொத்தனாருங்க மொத நாள் மொனகுவாங்க, மூணாம் நாள் பழகிடுவாங்க. வெளிப்பூச்சு மழை அடிக்கிற பக்கம் மட்டும் நல்லா பூசுங்க. தளத்துல நடுநடுவுல பழைய ஓடு வச்சு கான்கிரீட் குறைக்கலாம், ஆனா அதுக்கு கம்பி எடத்த இன்ஜினியர் கோடு போட்டு குடுக்கணும், நாமளா செய்யக்கூடாது. கதவு ஜன்னல் எல்லாம் ஒரே அளவு, பாத்ரூமும் அடுப்படியும் முதுகோட முதுகு, பைப்பு பாதியாகும்.

2025 செப்டம்பர் 22ல சிமெண்ட்டுக்கு ஜிஎஸ்டி 28ல இருந்து 18க்கு எறங்குனதும் எல்லாரும் வீடு வெல குறையும்னாங்க. மூட்டை அடக்கம் 250ன்னா வரி 70 இருந்தது 45 ஆகுது, 25 ரூபா. நம்ம வீட்டுக்கு 200 மூட்டை, ஆக 5,000. சைட்டு ஆளுங்களுக்கு ரெண்டு நாள் கூலி அது. சந்தோசம்தான், ஆனா அத நம்பி வெல குறைச்சு பேசிடாதீங்க, எம் சாண்ட் (கல்ல ஒடச்சு செய்யிற மணல்) யூனிட்டுக்கு கொஞ்சம் ஏறுனாலே போச்சு.

பிளான் அனுமதிக்கு இப்ப அலைச்சல் கம்மி. 2,500 சதுர அடிக்குள்ள மனை, 3,500க்குள்ள கட்டடம், மாடி ஒண்ணு வரைக்கும்னா சுயசான்று முறைல ஆன்லைன்லயே 2024 ஜூலைல இருந்து கெடைக்குது. பொய் தகவல் குடுத்தா அனுமதி போயிரும், மனை அளவு பத்திரத்துல இருக்குறபடியே போடுங்க.

படி 7: அப்படியும் ஒண்ணு நின்னுட்டா

நிக்கும். சேங்ஷன் வாங்குன ஆளே கடைசி நேரத்துல வேலை போய் பின்வாங்குவாரு, எனக்கு 2020ல அப்படித்தான், திருப்பூர்ல வேலை பாத்தவரு, மூட்டையோட ஊருக்கு வந்துட்டாரு. அவரு முன்பணத்த நான் புடிச்சு வைக்கல, மூணு தவணைல திருப்பி குடுத்தேன். வெலய அடிச்சு 13க்கு விக்க தோணும், வித்தா ஏற்கனவே 15க்கு வாங்குன பக்கத்து வீட்டுக்காரரு மூஞ்சில முழிக்க முடியாது, அடுத்து வர்றவனும் 13 தான் கேப்பான். ஒத்திக்கு விடுங்க, அதாவது மொத்தமா ஒரு தொகை வாங்கிட்டு வாடகை இல்லாம குடிவச்சு, காலி பண்றப்ப அத திருப்பி குடுக்குறது. 3 லட்சம் 4 லட்சம் ஒத்தி வாங்கி ரெண்டு வருஷத்துக்கு பதிஞ்சு குடுத்தா அந்த அளவுக்கு கடன அடைச்சு வட்டிய குறைக்கலாம், வீடும் பூட்டி கெடந்து கரையான் ஏறாது. நான் அந்த வீட்ட ஒரு நர்சம்மாவுக்கு ஒத்திக்கு விட்டேன், ரெண்டு வருஷம் இருந்து பாத்துட்டு "தம்பி, ஒத்தி காச கழிச்சுக்கிட்டு மிச்சத்துக்கு லோன் போடுறேன், எனக்கே குடுத்துருங்க"ன்னு கேட்டாங்க. 15.25க்கு முடிஞ்சுது, அடுப்படில ஒரு பரண் மட்டும் கூட போட்டு குடுக்கச் சொன்னாங்க, போட்டு குடுத்தேன்.